பனங்காட்டுப் பள்ளியில் பதினோராம் வகுப்பு

பிழைப்பின்பொருட்டுப் பம்பாய்க்குக் குடிபெயர்ந்த தமிழர் இல்லங்களில், பரண்மேல் ஏறிவிட்ட தகரப் பெட்டிகளுள் ஏதேனும் ஒன்றில், பழுப்பேறிய தாள்களைக் கொண்ட சிறு புத்தகம் ஒன்று இன்றும் இருக்கக் காணலாம். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் என்பது அதன் பெயர். பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், அங்க அடையாளங்கள், பாடந்தோறும் பெற்ற மதிப்பெண்கள், தலைமையாசிரியரின் கையொப்பம், பள்ளி முத்திரை ஆகிய இவ்வளவே அதில் உண்டு. ஆயினும், மொழி தெரியாத மாநகரில் வேலை கேட்டு ஒரு கதவைத் தட்டிய இளைஞனுக்கு அப்புத்தகமே உற்றார்; அதுவே ஊர்; அதுவே சான்று. அதைக் கையில் கொண்டுவந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அப்புத்தகம் என் கைக்கு வந்துசேர்ந்த ஓராண்டின் வரலாற்றை நம் சங்கத்தின் இம்மலரில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இன்றைய மாணவச் செல்வங்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படும். 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி நடைமுறைக்கு வருவதற்கு முன்பு, பள்ளிப் படிப்பு பதினோராம் வகுப்போடு முடிந்தது. அதன்பின் ஓராண்டுப் புகுமுக வகுப்பைக் கல்லூரியிலேயே படிக்க வேண்டும். சிற்றூர்ப் பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்குக் கல்லூரி எட்டாக் கனி. ஆகவே பதினோராம் வகுப்பு என்பது ஒரு வகுப்பு மட்டுமன்று. அது ஒரு கரை. அக்கரைக்கு அப்பால் கடலோ, பனையோ, கடையோ, இரயில் வண்டியோ காத்துக்கொண்டிருக்கும்.

நான் படித்த பள்ளி அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், இன்று தூத்துக்குடி மாவட்டம் எனப்படும் பகுதியில் இருந்தது. மழை குறைந்த நிலம் அது. செந்நிற மணல் குன்றுகுன்றாகக் குவிந்து கிடக்கும். அதனைத் தேரி என்பர். ஆடி மாதக் காற்றில் அம்மணல் இடம்பெயர்ந்து, நேற்றிருந்த வழியை இன்று மறைத்துவிடும். அம்மணலிலும் வேரூன்றி நிற்க வல்லது பனை ஒன்றே. கிழக்கே சில கல் தொலைவில் கடல். வடகிழக்கே திருச்செந்தூர் முருகன் கோயில். கடலோரத்தில் மணப்பாடு, உவரி என்னும் கிறித்தவத் திருத்தலங்கள். கருப்பட்டிக்குப் பெயர்பெற்ற உடன்குடிச் சந்தை. இவற்றுக்கு நடுவே, நூறு வீடுகள்கூட இல்லாத ஒரு சிற்றூரில், ஒரு கோயிலையும் அதன் நிழலில் ஒரு பள்ளியையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

அக்கடற்கரைக்கு ஒரு தொன்மை உண்டு. 1542ஆம் ஆண்டில் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். கோவாவின் தெருக்களில் கைமணியை அடித்துச் சிறுவர்களை அழைத்துப் பாடம் சொன்னவர் அவர். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் என்னும் என்றீக்கே என்றீக்கசு, தமிழைக் கற்றுத் தேர்ந்து, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறுநூலைத் தமிழ் எழுத்தில் அச்சேற்றினார். இந்திய மொழிகளுள் முதன்முதலாக இந்நாட்டில் தன் எழுத்தால் அச்சுக் கண்டது தமிழே என்னும் பெருமை அதனால் நமக்கு வாய்த்தது. எங்கள் ஊர்ப் பள்ளியில் பயின்ற பிள்ளைகள் இவ்வரலாற்றை நூலில் படித்ததைவிடக் கோயில் திருநாள்களில் பெரியோர் வாய்மொழியாகக் கேட்டதே மிகுதி.

பள்ளி என்று சொன்னேனேயன்றி, அது மிகச் சிறியது. ஓட்டுக் கூரை வேய்ந்த நீண்ட கட்டடம் ஒன்று, பனையோலைக் கொட்டகைகள் இரண்டு, ஒரு வேப்பமரம், அதன் கிளையில் தொங்கிய தண்டவாளத் துண்டு ஒன்று. பள்ளிக்கு மணி அத்துண்டுதான். நண்பகலில் மட்டும் கோயில் மணி ஒலிக்கும். அவ்வொலி கேட்டவுடன் வகுப்பு எழுந்து நிற்கும். கத்தோலிக்க மாணவர் மூவேளைச் செபம் சொல்வர். ஏனையோர் மௌனமாக நிற்போம். பனைமேல் இருப்பவர்கூடத் தொழிலை ஒரு கணம் நிறுத்துவதை நான் கண்டதுண்டு. 1971ஆம் ஆண்டு சூன் திங்களில் பதினோராம் வகுப்பில் நாங்கள் பதினேழு பேர் சேர்ந்தோம். அவர்களுள் ஐவர் பெண்கள்.

தலைமையாசிரியராக இருந்தவர் ஒரு குருவானவர். ஊரார் அவரைச் 'சாமி' என்றே அழைப்பர். நாங்களும் அவ்வாறே அழைத்தோம். பங்கின் பொறுப்பும் அவருடையதே. கணக்குப் பாடம் நடத்துவார். மாலையில் எங்களோடு பந்தாடுவார். இரவில் பழைய மிதிவண்டியில் ஏறி, நோயுற்றோர் இல்லங்களுக்குச் செல்வார். கடுஞ்சொல் அரிது. ஆனால் வகுப்புக்கு வராத பிள்ளையின் வீட்டு வாயிலில் அந்த மிதிவண்டி நிற்கக் கண்டால், அவ்வீட்டார் நடுங்குவர்.

என் குடும்பம் முருகனை வழிபடும் குடும்பம். தந்தையார் கருப்பட்டி வாங்கி விற்கும் சிறுகடை வைத்திருந்தார். அப்பள்ளியில் என்னைப்போன்றோர் அறுவர் இருந்தோம். கத்தோலிக்க மாணவர் ஞானோபதேசம் படிக்கும் வேளையில் எங்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும். வேறுபாடு அந்த ஒரு பாடவேளையோடு தீர்ந்தது. கந்த சஷ்டியின்போது சூரசம்மாரம் காண விடுப்புக் கேட்டு நின்றால், "போய் வாருங்கள், ஆனால் வரும்போது அல்ஜீப்ராக் கணக்கு பத்தும் முடிந்திருக்க வேண்டும்" என்பார் சாமி. திருநாள் கூட்டத்தில் செந்தூர்க் கடற்கரையில் அமர்ந்து கணக்குப் போட்ட மாணவர் உலகில் எத்தனை பேர் இருக்கக்கூடும்?

தமிழாசிரியரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்லுதல் இயலாது. தமிழய்யா என்று அழைக்கப்பெற்ற அவர், பாடநூலைத் திறப்பதற்கு முன் ஏதேனும் ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதுவார். ஒருநாள் மேசை, சாவி, சன்னல், அலமாரி, கோப்பை, வாத்து, ஏலம், பாதிரி என்று எட்டுச் சொற்களை வரிசையாக எழுதி, "இவற்றுள் தமிழ்ச் சொல் எது?" என்று வினவினார். ஆளுக்கொன்று சொன்னோம். "ஒன்றுமில்லை; எட்டும் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து இறங்கியவை" என்று கூறிச் சிரித்தார். அடுத்த நாள் அதே கரும்பலகையில் வீரமாமுனிவர் என்று எழுதினார். 1680இல் இத்தாலியில் பிறந்து, தமிழகத்திற்கு வந்து, 1747இல் மறையும்வரை தமிழுக்கே உழைத்த அப்பெரியார், எகர ஒகரங்களின் குறிலையும் நெடிலையும் கண்டவுடன் வேறுபடுத்தி அறியும்படி எழுத்தைத் திருத்தியதையும், 'சதுரகராதி' தொகுத்ததையும், 3,615 பாடல்களில் 'தேம்பாவணி' யாத்ததையும் எடுத்துரைத்தார். "வந்தவர் கொண்டுவந்த சொல்லும் உண்டு, வந்தவர் கொடுத்துச் சென்ற நூலும் உண்டு. ஒரு மொழிக்குக் கதவும் வேண்டும், தாழ்ப்பாளும் வேண்டும்" என்றார். அயல்மண்ணில் தமிழ் பேசி வாழும் நமக்கு அச்சொல்லின் பொருள் அன்றாடம் விளங்குகிறது அல்லவா?

கோயிலிலும் அக்காலத்தில் மொழி மாறிக்கொண்டிருந்தது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின், இலத்தீனில் இருந்த பூசை தமிழுக்கு வந்தது. பொருள் அறியாமலே இலத்தீன் மறுமொழிகளை மனப்பாடம் செய்த பூசைப் பையன்கள் எங்கள் வகுப்பில் இருந்தனர். 'சர்வேசுரன்' கடவுள் ஆனார். 'இஸ்பிரீத்துசாந்து' தூய ஆவி ஆனார். முதிய உபதேசியார் மட்டும் பழைய சொற்களை விடவில்லை. "எனக்குப் பழகிய பெயரால்தான் நான் கூப்பிடுவேன், அவருக்குக் கேட்கும்" என்பார். தமிழய்யாவுக்கோ புதிய பூசையின் ஒவ்வொரு சொல்லும் ஒரு வெற்றி. இருவரும் ஒரே திண்ணையில் அமர்ந்து இதுபற்றி வழக்காடுவது எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விருந்து.

அவ்வாண்டு நாட்டிலும் பெரிய மாற்றங்கள் நிகழ்ந்தன. 1971 திசம்பரில் பாகிஸ்தானுடன் போர் மூண்டபோது, சாமியின் அறையிலிருந்த வானொலிப் பெட்டி சன்னலோரம் வைக்கப்பட்டது. படைக்குச் சென்ற பிள்ளைகளின் தாய்மார் மாலைதோறும் மணலில் வந்து அமர்ந்தனர். திசம்பர் 16ஆம் நாள் போர் முடிந்தது. அவ்வாண்டுக் கிறிஸ்துமசு அவர்களுக்கு இருமடங்கு திருநாளாயிற்று.

எங்கள் ஊரை அதனினும் ஆழமாகத் தொட்டது வேறொரு செய்தி. அவ்வாண்டு ஆகத்து இறுதியில் தமிழ்நாட்டில் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது. பனையை அறியாதவர்க்கு இதனை விளக்க வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் இறங்குவது பதனீர். சுண்ணாம்பு தடவாமல் கட்டினால் அதே சாறு புளித்துக் கள்ளாகும். பதனீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்க வீட்டுப் பெண்கள் நாள் முழுதும் புகையில் வேக வேண்டும். கள்ளுக்கோ உடனே காசு. ஒரு கை சுண்ணாம்பே இரண்டுக்கும் இடையிலுள்ள வேலி. கள்ளுக்கடைகள் 1973லும் சாராயக் கடைகள் 1974லும் மீண்டும் மூடப்பட்டன. ஆனால் இடைப்பட்ட காலத்தில் அவ்வேலியைத் தாண்டிய குடும்பங்கள் சில.

இந்நிலையில்தான் என் நண்பனுக்கு அச்சோதனை வந்தது. அவன் பெயரை இங்கு எழுதவில்லை. அதனை அவன் விரும்பமாட்டான். பனையேறும் தந்தையின் மூத்த மகன். அவனுக்குப் பின் இரு தங்கையர். வகுப்பில் கணக்கில் முதல்வன். சாமி கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிட்டு, பிறர் போட்டு முடிக்கும்வரை வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். திருச்செந்தூரில் 1965இல் தோன்றிய ஆதித்தனார் கல்லூரியில் அவனைப் புகுமுக வகுப்பில் சேர்த்துவிட வேண்டும் என்பது சாமியின் உள்ளக்கிடக்கை.

1972 தை மாதக் கடைசியில், பாளை சீவும் பருவம் தொடங்கிய நாள்களில், அவன் தந்தை மரத்திலிருந்து விழுந்தார். உயிர் தப்பியது, இடுப்பு முறிந்தது. ஒரு பனையேறி நாளொன்றுக்கு முப்பது நாற்பது மரங்களைக் காலையும் மாலையும் ஏறி இறங்குவார். சீவாது விட்ட பாளை காய்ந்துபோகும். அப்பருவத்தின் வருவாயும் அதனோடு போகும். வாங்கிய முன்பணமோ கழுத்தில் நிற்கும். மூன்றாம் நாள் காலை, தந்தையின் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு, பாளை அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, என் நண்பன் மரமேறினான். பள்ளியில் அவன் இடம் வெறுமையாயிற்று.

நான்காம் நாள் மிதிவண்டி அவ்வீட்டு வாயிலில் நின்றது. நானும் உடன் சென்றிருந்தேன். கட்டிலில் கிடந்த தந்தை சாமியைக் கண்டு எழ முயன்று, இயலாமல் அழுதார். "தோத்திரம் சாமி. பிள்ளையைப் படிக்க வைக்கக் குடுத்து வைக்கலை சாமி" என்றார். நண்பன் மரத்திலிருந்து இறங்கி வந்து கைகட்டி நின்றான். உள்ளங்கைகள் உரிந்திருந்தன. "எனக்குப் பரீட்சை வேண்டாம் சாமி" என்றான். சாமி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எத்தனை மணிக்கு மரத்தில் ஏறுகிறாய்?" என்று கேட்டார். "நாலு மணிக்கு." "இறங்கும்போது?" "எட்டாகும். திரும்பச் சாயங்காலம் மூணுக்கு ஏறணும்." "சரி, இரவு ஏழு மணிக்கு என் அறைக்கு வா. பகல் பள்ளி உனக்கு இல்லை, இரவுப் பள்ளி உண்டு" என்றார்.

அன்றே இன்னொரு செய்தியும் வந்திருந்தது. கள் குத்தகைக்காரரின் ஆள் வந்து, அம்மரங்களைக் கள்ளுக்கு விட்டால் கூடுதல் பணம் தருவதாகவும், முன்பணக் கடனைத் தீர்த்துவிடுவதாகவும் கூறிச் சென்றிருந்தான். சாமி அதுபற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லுவார் என்று எதிர்பார்த்து நின்ற நண்பனின் தாயாரே, அடுப்பங்கரையிலிருந்து, "கலயத்துல சுண்ணாம்பு இருக்கட்டும் சாமி. எம்புள்ளைங்க குடிக்கிற பதனியைத்தான் நாங்க விப்போம்" என்றார். சாமி தலை தாழ்த்தினார். ஒரு குருவானவர் ஓர் ஏழைத் தாயின்முன் தலை தாழ்த்தியதை அன்றுதான் கண்டேன்.

அதன்பின் இரவுதோறும் அரிக்கேன் விளக்கின் ஒளியில் அவனுக்குப் பாடம் நடந்தது. கணக்கும் விஞ்ஞானமும் சாமி சொல்லிக் கொடுத்தார், தமிழ் தமிழய்யா, சரித்திரமும் பூகோளமும் நாங்கள் முறைவைத்து வாசித்துக் காட்டினோம். கண் சொக்கும்போது கிணற்றடிக்குச் சென்று முகம் கழுவி வருவான். அவன் உடலில் எப்போதும் பாளை மணமும் சுண்ணாம்பு மணமும் வீசும். வருகைக் குறைவு அடுத்த தடையாக வந்தது. வேண்டிய நாள்கள் பள்ளிக்கு வராதவனைத் தேர்வுக்கு அனுப்ப மேலதிகாரியின் இசைவு வேண்டும். அதன்பொருட்டுச் சாமி மும்முறை பேருந்தேறி நகரத்துக் கல்வி அலுவலகத்திற்குச் சென்றார். மூன்றாம் முறை திரும்பியவர் ஒன்றும் கூறாமல், தேர்வு எழுதுவோர் பட்டியலில் பதினேழாவது பெயரைத் தம் கையால் எழுதினார். தேர்வுக் கட்டணத்தை யார் கட்டினார் என்பதை எவரும் கேட்கவில்லை, எவரும் சொல்லவுமில்லை.

எங்கள் பள்ளியில் தேர்வு மையம் இல்லை. ஆறு மைலுக்கு அப்பாலுள்ள பெரிய பள்ளியில் எழுத வேண்டும். பெண்களை அவ்வூர்க் கன்னியர் மடத்திலும், பையன்களை அவ்வூர்ப் பங்கு வீட்டுத் திண்ணையிலும் தங்கவைக்க ஏற்பாடாயிற்று. நண்பனால் தங்க இயலாது. விடியுமுன் மரம் அவனை அழைக்கும். தேர்வுக்கு முதல் நாள் மாலை சாமி தம் மிதிவண்டியை அவன் வீட்டுத் திண்ணையில் சாய்த்துவிட்டு நடந்தே திரும்பினார். அது தவக்காலம், அவ்வாண்டு ஏப்ரல் 2ஆம் நாள் உயிர்ப்புத் திருநாள். கிளைக் கிராமங்களில் பாவசங்கீர்த்தனமும் பூசையும் மிகுந்த காலம். அத்தனை நாளும் சாமி தேரி மணலில் நடந்தே அவ்வூர்களுக்குச் சென்றார் என்பதைப் பின்னர் உபதேசியார் சொல்லி அறிந்தோம்.

நண்பன் நாள்தோறும் வந்தான். மணி அடிப்பதற்குச் சற்று முன், வியர்வை வழிய, மிதிவண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வருவான். விரல் இடுக்குகளில் சுண்ணாம்பு வெள்ளை இருக்கும். விடைத்தாளில் படியாதிருக்க ஒரு துணித்துண்டால் கைகளைத் துடைத்துக்கொள்வான். கணக்குத் தேர்வன்று அரைமணி முன்னதாகவே எழுதி முடித்து எழுந்தவனைக் கண்காணிப்பாளர் ஐயத்தோடு நோக்கினார். அவன் ஐயத்துக்குரியவன் அல்லன். மூன்று மணி மரத்திற்குப் போக வேண்டியவன்.

கோடை விடுமுறையில் முடிவுகள் வந்தன. செய்தித்தாளில் எண்கள் மட்டும் பொடி எழுத்தில் அச்சாகும். உடன்குடியிலிருந்து வந்த தாளைத் தமிழய்யா கோயில் முற்றத்தில் விரித்து, எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பதினேழு பேரில் பதினான்கு பேர் தேறியிருந்தோம். நண்பனின் எண்ணைப் படித்தபோது கூட்டத்தில் எவரும் கூச்சலிடவில்லை. அவன் தாய் மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். புத்தகங்கள் கைக்கு வந்தபின் தெரிந்தது: கணக்கில் மட்டுமன்று, மொத்தத்திலும் அவனே முதல்வன்.

கல்லூரியில் இடம் கிடைப்பது அரிதாயிருக்கவில்லை. உதவித் தொகைக்கும் வழி இருந்தது. ஆனால் தந்தையின் இடுப்பு நிமிரவில்லை. "தங்கச்சிங்க ரெண்டு பேரும் பதினொண்ணு முடிக்கட்டும் சாமி, அதுக்கு அப்புறம் பாப்போம்" என்றான். அதற்கப்புறம் என்பது வரவேயில்லை. எனக்கோ மாமா பம்பாயிலிருந்து கடிதம் எழுதியிருந்தார். தட்டச்சுக் கற்று, அப்புத்தகத்தைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, நெல்லையில் வண்டியேறி, சென்னையில் வண்டி மாறி, மூன்றாம் நாள் தாதரில் இறங்கினேன். தென்னிந்தியர்க்கு எதிரான குரல் இந்நகரில் ஓங்கி ஒலித்த ஆண்டுகள் அவை. முதல் வேலைக்குப் போனபோது, மேலாளர் என் புத்தகத்தைப் புரட்டி, அங்க அடையாளம் என்ற இடத்தில் எழுதியிருந்த முழங்கால் தழும்பைக் காட்டச் சொல்லிச் சரிபார்த்தார். வேலை கிடைத்தது. என்னிலும் மிக்க மதிப்பெண்கள் எழுதிய புத்தகமோ பனையோலைப் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

ஆயினும் இதனைத் துயரக் கதை என்று கூற நான் ஒருப்படேன். தங்கையர் இருவரும் அப்பள்ளியிலேயே படித்து ஆசிரியைகள் ஆயினர். அவர்களுடைய பிள்ளைகளுள் ஒருவர் பொறியியலும் ஒருவர் மருத்துவமும் பயின்றனர். நண்பன் தன் ஐம்பத்தைந்தாம் வயதுவரை மரமேறினான். ஊர்ப்பிள்ளைகள் கணக்குக் கேட்டு அவன் திண்ணைக்கு வருவர். மணலில் குச்சியால் எழுதிச் சொல்லிக் கொடுப்பான். அவன் மார்பிலும் பாதங்களிலும் பனை எழுதிய தழும்புகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த அங்க அடையாளங்களை எந்தப் புத்தகத்திலும் எவரும் எழுதவில்லை.

சாமி பின்னாளில் வேறு பங்கிற்கு மாற்றலாகி, முதுமையில் மறைந்தார். தமிழய்யாவும் இன்றில்லை. பள்ளி வளர்ந்து விட்டது. மேல்மாடியும் ஆய்வுக்கூடமும் வந்துவிட்டன. பனை 1978இல் தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பெற்றது. ஆனால் அதில் ஏறுவோர் அருகிவிட்டனர். பம்பாய் 1995இல் மும்பை ஆயிற்று. அதில் நாம் வேரூன்றிவிட்டோம்.

நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வையும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வையும் பெரும்போர்போல் எதிர்கொள்கின்றனர். தனிப்பாடம், வழிகாட்டி நூல், குளிரூட்டிய அறை அனைத்தையும் அவர்களுக்கு அளிக்கிறோம். அளித்தல் நன்றே. அதனோடு, கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒருநாள் விடியலில் அவர்களைப் பனங்காட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள். பட்டையில் வார்த்த பதனீரை அருந்தச் செய்யுங்கள். மரத்திலிருந்து இறங்கி வருபவரிடம், "அண்ணாச்சி, எதுவரை படித்தீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் கூறும் விடையைக் கேட்டபின், தேர்வில் ஐந்து மதிப்பெண் குறைந்ததற்காக நம் வீட்டுப் பிள்ளை உணவை வெறுக்க மாட்டான். ஐந்து மதிப்பெண் கூடியதற்காகப் பிறரை இகழவும் மாட்டான். ஒரு பிள்ளை கரையேறுவதற்கு எத்தனை பேர் நடந்தே போயிருக்கிறார்கள் என்பதை அறிதலும் கல்வியின் ஒரு பகுதியேயாம்.